சகலை கொண்டுவந்த வால்வு

எங்கள் வீட்டுக்கு முதல் தடவையாக வருகிறவர்கள் கூடத்து அலமாரியைப் பார்த்ததும் ஓர் எட்டுப் பின்னால் வைப்பார்கள். மேல் தட்டு முழுக்கப் பற்கள். பிளாஸ்டரில் வார்த்த தாடைகள், யாரோ சொன்ன ஜோக்குக்கு மொத்தமாகச் சிரித்துவிட்டு வாயை மூட மறந்தது போல வரிசையாக உட்கார்ந்திருக்கும். அப்பா பல் செட் செய்கிறவர். டாக்டர் இல்லை. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புகிற வாய்களுக்குப் பின்னறையில் உட்கார்ந்து பல் அடுக்கிக் கொடுப்பது அவர் வேலை. "பாதி ஊர் எங்கப்பா தயவுலதான் மெல்லுது" என்று ஒரு விருந்தாளியின் முன்னால் சொன்னேன். அவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். அவரும் அந்தப் பாதியைச் சேர்ந்தவர் என்று எனக்கு எப்படித் தெரியும்?

கீழ்த் தட்டில் வால்வுகள். டிரான்சிஸ்டர் என்று ஒன்று வருவதற்கு முன்னால் ரேடியோவுக்கு உயிர் கொடுத்த கண்ணாடிக் குப்பிகள். சில சுண்டுவிரல் அளவு, சில கைக்கு அடங்காத தடிமன். உள்ளே தகடும் வலைக்கம்பியும் வளையங்களும், உச்சியில் கண்ணாடிக்கு உட்புறமாக ஒரு வெள்ளிப் பூச்சு, அடியில் கால்கள். மின்சாரம் பாய்ந்தால் உள்ளே ஒரு கம்பி, தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட ஆளைப் போல, அவசரமே இல்லாமல் சிவக்கும். அது சிவந்து முடிந்த பிறகுதான் பாட்டு வரும். அதுவரை அப்பா கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். சாப்பாட்டுக்கு இவ்வளவு பொறுமையாக அவர் காத்திருந்து யாரும் பார்த்ததில்லை.

வீட்டில் என் பெயர் வாலு. காரணத்தை விளக்க வேண்டாம். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவியதற்கும் அதே காரணம்தான். ஆகவே பின்னறையிலிருந்து அப்பா "வால்வு எங்கே?" என்று கத்தினாலும் "வாலு எங்கே?" என்று கத்தினாலும் அம்மாவின் காதில் ஒன்றாகத்தான் விழும். "ஒண்ணு அலமாரியில, ஒண்ணு மொட்டை மாடியில. எது வேணும்?" என்பாள். அப்பா யோசிக்காமல் அலமாரிப் பக்கம் நடப்பார்.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் ஒரு ரேடியோ கடையில் ரிப்பேர் வேலை பார்த்தார். கடைக்காரர் ஒருநாள் ரேடியோவையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு டிவி விற்க ஆரம்பித்தார். பொடிக் கம்பியைப் பொடிக் கம்பியோடு ஒட்டவைத்துப் பழகிய கைக்குப் பல் அடுக்குவது சுலபமாக வந்துவிட்டது. ரேடியோ கடையை விட்டு வரும்போது அவர் கொண்டுவந்தது வால்வுப் பித்து ஒன்றைத்தான் என்று அம்மா சொல்வாள். "பொண்ணு பார்க்க வந்தப்ப எங்க வீட்டு ரேடியோவைத்தான் முதல்ல பார்த்தாரு. அது பிடிச்சுப் போச்சு. அப்புறம் நான்."

வால்வு சேர்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே தொழிற்சாலையில் செய்த வால்வுக்குப் பத்துக் கம்பெனிகள் தங்கள் பெயரை அச்சடித்து விற்றிருக்கும். வயிற்றில் பெரிதாக இருக்கும் பெயரை நம்ப முடியாது. எங்கே செய்தது, எப்போது செய்தது என்பது அடியில், கால்களுக்குச் சற்று மேலே, சாம்பல் நிறத்தில் சின்ன எழுத்தாக இருக்கும். அந்த எழுத்து ஒரு துடைப்புக்குத் தாங்காது. அதனால் எங்கள் வீட்டில் யாரும் துணியோடு கீழ்த் தட்டுப் பக்கம் போகக் கூடாது. வீடு முழுக்கப் பளபளக்கும். அந்தத் தட்டில் மட்டும் தூசி படிந்து கிடக்கும். அம்மாவுக்கு அது நாக்கில் பட்ட முடி மாதிரி.

எழுத்து மங்கிப்போன வால்வு கிடைத்தால் அப்பா அதை விளக்கடியில் பிடித்து, வாயைப் பக்கத்தில் கொண்டுபோய், "ஹா" என்று ஊதுவார். கண்ணாடியில் ஆவி படியும். எழுத்து ஒட்டியிருந்த இடத்தில் மட்டும் படியாது. ஒரு கணம் எழுத்து எழுந்து நிற்கும், படிப்பதற்குள் போய்விடும். அதைப் படிக்கத் தெரிந்தவர் எங்களுக்குத் தெரிந்த வட்டாரத்தில் அப்பா ஒருவர்தான். எங்கெங்கிருந்தோ ஆட்கள் வால்வுகளைப் பஞ்சில் பொதிந்து கொண்டுவந்து அவரிடம் ஊதி வாங்கிப் போவார்கள். அவர் சொன்னால் சொன்னதுதான். "என்கிட்ட என்னிக்காவது இவ்வளவு பக்கத்துல வந்து பேசியிருக்கீங்களா?" என்று அம்மா கேட்பாள்.

அப்பாவே செய்த ஆம்ப்ளிஃபையர் ஒன்று கூடத்தில் இருக்கிறது. இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள், பெட்டிக்கு ஒரு பெரிய வால்வு. இடது பக்க வால்வு அவர் ரேடியோ கடைக் காலத்தில், மூடிப்போன ஒரு தியேட்டரின் சாமான்களில் கண்டெடுத்தது. அதற்கு ஒரு ஜோடி இருந்திருக்கிறது. வண்டியிலிருந்து இறக்கும்போது அது உடைந்துவிட்டது. அதே தொழிற்சாலை, அதே வருஷத்து எழுத்து உள்ள இன்னொன்றை அன்றிலிருந்து தேடுகிறார். அது கிடைக்கும்வரை வலது பக்கத்துக்கு ஏதோ ஒன்று. "இடது பெட்டி பாடுது. வலது பெட்டி அதே பாட்டை நியூஸ் வாசிக்கிற மாதிரி வாசிக்குது" என்று புலம்புவார். எனக்கும் அம்மாவுக்கும் இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. அப்படிச் சொன்னால் அன்றைக்கு முழுக்க எங்களோடு பேச மாட்டார்.

இனி சித்தப்பா.

அம்மாவின் தங்கை வீட்டுக்காரர். லாண்டரிக் கடை வைத்திருக்கிறார். அப்பாவுக்குச் சகலை. அண்ணன் தம்பிகள் சண்டை போட வேண்டுமானால் ஒரே வயிற்றில் பிறக்க வேண்டும், ஒரே வீட்டில் வளர வேண்டும், எவ்வளவு வேலை! சகலைகளுக்கு அந்தச் சிரமமில்லை. ஒரே மாமனார் வீட்டு சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தால் போதும்.

சித்தப்பாவுக்கு வால்வு பற்றி ஒன்றும் தெரியாது. அப்பா சேர்ப்பதைப் பார்த்து அவரும் சேர்க்க ஆரம்பித்தார். பிரச்சினை என்னவென்றால் அவருக்குக் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தைக்கு அப்பா விடிவதற்கு முன்பே டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாகப் போய், முட்டி தேய மண்டியிட்டு, ஒவ்வொரு பெட்டியாகக் கிளறிவிட்டு வெறுங்கையோடு திரும்புவார். சித்தப்பா நன்றாகத் தூங்கி எழுந்து, ஹேங்கர் வாங்கலாமே என்று அதே சந்தைக்குப் போவார். அங்கே ஒருவன் கதவு அடிக்காமல் இருக்க ஓர் அட்டைப்பெட்டியை முட்டுக் கொடுத்திருப்பான். அதற்குள் உறை பிரிக்காத வால்வுகள் இருக்கும்.

"அண்ணே, இது ஏதாச்சும் தேறுமா பாருங்க."

அப்பாவுக்குக் கோபம் வந்தால் கத்துவார். வருத்தம் வந்தால் படுத்துவிடுவார். பொறாமை வந்தால் மரியாதை வந்துவிடும். "வாங்க, உக்காருங்க, டீ சாப்பிடுங்க" என்று தன்னைவிடச் சின்னவரை வாங்க போங்க போட்டு உபசரிப்பார். பிறகு பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார். காது மடல் சிவக்கும். கடைசியில் சொல்வார்: "பரவாயில்ல."

வேறு யார் கொண்டுவந்தாலும், "அடடா, இதைப் பாரேன், உள்ள வளையத்தைப் பாரு, என்ன வேலைப்பாடு!" என்று பச்சைக் குழந்தையை வாங்குவது போல வாங்கிக் கொஞ்சுவார். சகலை கொண்டுவந்தால் மட்டும் பரவாயில்ல. சித்தப்பா ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இன்னும் ஏதாவது வரும் என்று கொஞ்சம் காத்திருந்துவிட்டுத்தான் பெட்டியை மூடுவார்.

அவர் போன பிறகு அப்பாவுக்குச் சோறு இறங்காது. "எப்படிடி? நான் தரையில பொரண்டாலும் கிடைக்கல. அவனுக்குக் கதவுக்கு முட்டுக் குடுத்து வச்சிருக்காங்க!"

"என் தங்கச்சி வீட்டுக்காரருக்குக் கைராசி" என்பாள் அம்மா, உப்பு போடுகிற மாதிரி சாதாரணமாக.

"கைராசி இல்ல. கண்ணே இல்ல அவனுக்கு. கண்ணில்லாதவனுக்குத்தான் எல்லாம் கால்ல தடுக்கும்."

அப்படியிருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சித்தப்பா ஒரு சாக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தார். சாக்ஸுக்குள் ஒரு வால்வு.

இஸ்திரி போட்ட சட்டைகளை அடுக்கி வைக்க நல்ல மேசையாக இருக்குமே என்று ரேடியோவும் ரெக்கார்ட் பிளேயரும் ஒரே மரப்பெட்டியில் இருக்கும் பழைய ரேடியோகிராம் ஒன்றை வாங்கியிருக்கிறார். உள்ளே இருந்த மிஷினையெல்லாம் பிடுங்கிப் போட்டபோது இது மட்டும் நன்றாக இருப்பது போல் தெரிந்திருக்கிறது. "பேரே இல்லண்ணே. மொட்டையா இருக்கு. கொஞ்சம் ஊதிச் சொல்லுங்க."

"உக்காருங்க" என்றார் அப்பா. அந்த ங்க-வைக் கேட்டதுமே நான் ஜன்னல் திட்டிலிருந்து இறங்கிப் பக்கத்தில் போனேன். தியேட்டரில் படம் போடப்போகிற மாதிரி ஒரு வாசனை அது.

அப்பா வால்வை விளக்கடிக்குக் கொண்டுபோனார். பழுப்பு நிற அடிப்பாகம். உச்சியில் வெள்ளிப் பூச்சு அப்படியே இருந்தது. காற்றுப் புகுந்திருந்தால் பால் போல வெளுத்திருக்கும். திருப்பினார். உள்ளே இருந்த வளையங்களைப் பார்த்தார். காது மடல் சிவந்தது. ஊதினார்.

ஊதியவர் மூச்சை உள்ளே இழுக்க மறந்துவிட்டார். பிறகு மறுபடி ஊதினார். சாதாரண வால்வை அப்பா மறுபடி ஊத மாட்டார். இன்னொரு தடவையும் ஊதினார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அந்த எழுத்து எனக்குத் தெரியும். இடது பெட்டி வால்வில் இருக்கிற அதே எழுத்து. அதைத் தொடப் போய்த் திட்டு வாங்கியிருக்கிறேன்.

அப்பா கட்டைவிரலை வைத்து அந்த இடத்தை அழுத்தித் துடைத்தார்.

வீட்டுக்காரியை ஒரு தூசி தட்ட விடாத மனிதர். பெற்ற மகளைத் தட்டுக்குப் பக்கத்தில் தும்ம விடாத மனிதர். துடைத்தேவிட்டார். இனிமேல் உலகத்தில் யார் ஊதினாலும் அந்த எழுத்து எழுந்திருக்காது.

"சாதாரணம்தான்" என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

பொய் சொல்லும்போது எதிராளியின் மூக்கைப் பார்க்க வேண்டும். ஜன்னலைப் பார்ப்பது முதல் தடவை செய்கிறவர்களின் வேலை. இதில் எனக்கு இருக்கிற அனுபவத்துக்கு அவர் என்னிடம் வந்து கேட்டிருக்கலாம்.

சித்தப்பா அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டைவிரலைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"சாதாரணமா? சரி. சாதாரணத்தை வச்சு நான் என்னண்ணே பண்ணப் போறேன்? நீங்களே வச்சுக்கோங்க."

"இல்ல இல்ல, நீங்க எடுத்துட்டுப் போங்க..."

"அட, வச்சுக்கோங்கண்ணே. உங்க வலது பெட்டிக்குத் தேறினாலும் தேறும். சாக்ஸை மட்டும் குடுங்க. கஸ்டமரோடது, ஒத்தைச் சாக்ஸைக் குடுத்தா உதைப்பான்."

போய்விட்டார். அப்பா கையில் வால்வோடு விளக்கடியில் நின்றார். அவ்வளவு வருஷம் தேடியது கையில் இருக்கிறது. முகம் மட்டும், யாரோ அறைந்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அதை வலது பெட்டிக்குப் பொருத்திப் பாட்டுப் போட்டார். இந்தத் தடவை எனக்கே வித்தியாசம் கேட்டது. பாட்டு இடது பெட்டியிலிருந்தும் வரவில்லை, வலது பெட்டியிலிருந்தும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத சுவரின் முன்னால், ஒரு ஆள் நின்று பாடினார். அவர் மூச்சு வாங்குவதுகூட அங்கேதான் கேட்டது. அம்மா ஈரக் கையோடு அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"யாரு வந்திருக்கா?"

யாரும் வரவில்லை. அப்பா பாட்டு முடிவதற்குள் நிறுத்திவிட்டார்.

ஆசைப்பட்டது கிடைத்துவிட்டால் பொறாமை போய்விடும் என்று நான் நினைத்திருந்தேன். அது வேறு பக்கமாக வளர்ந்தது. சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டு கேட்பார்: "எப்படி அவனால அப்படித் தூக்கிக் குடுக்க முடிஞ்சுது?"

"சாதாரணம்னு சொன்னீங்க, குடுத்தாரு" என்றாள் அம்மா.

"சாதாரணமா இருந்தாக்கூட நான் குடுத்திருக்க மாட்டேனே!"

இதுவரை சித்தப்பாவின் கைராசியைப் பார்த்து வயிறெரிந்தவர், இப்போது அந்தக் கை விரிந்த விதத்தைப் பார்த்தும் எரிந்தார். பாட்டுப் போட்டால், "இதுவும் அவன் அதிர்ஷ்டம்தான் பாடுது" என்பார். போடாவிட்டால், போடாமல் இருக்க முடியவில்லை என்பார்.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. சித்தியும் சித்தப்பாவும் வருகிறார்கள் என்று போன் வந்தால், அவர்கள் படியேறுவதற்குள் நல்ல வால்வைப் பிடுங்கிவிட்டுப் பழைய நியூஸ் வாசிப்பவரைச் செருக வேண்டும். ஓடிக்கொண்டிருந்த வால்வு அடுப்பில் இருக்கிற சட்டி மாதிரி சுடும். அப்பா துணியைத் தேட நேரமில்லாமல் விரலாலேயே பிடுங்குவார். "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். பிறகு வாசலில் போய், "வாங்க வாங்க" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரவேற்பார். பல் அடுக்குகிற விரல் நுனிகளில் கொப்புளம். நான் தீப்புண் களிம்பை ஆம்ப்ளிஃபையர் மேலேயே வைத்துவிட்டேன். யார் வைத்தது என்று கேட்டார். பூனை என்றேன். எங்கள் வீட்டில் பூனை கிடையாது.

ஒரு தடவை சித்தப்பா ஆம்ப்ளிஃபையரை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அந்தச் சாதாரணம் எங்கண்ணே?"

"அதுவா? உள்ள எங்கயோ கிடக்கும்."

"கிடக்கட்டும், கிடக்கட்டும்" என்றார் சித்தப்பா, மிகவும் திருப்தியாக.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, ஒரு வேலை நாளில், காலைப் பலகாரம் செரிக்கும் நேரத்தில் வாசல் மணி அடித்தது. போன் எதுவும் வந்திருக்கவில்லை. கதவைத் திறந்தேன். சித்தப்பா வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். கூடத்தில் அப்பா பல் அடுக்குகிற மெழுகை உருக்கியபடி பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார், இரண்டு நல்ல வால்வும் ஒன்றாக எரிய. நான் ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம். கதவை அகலத் திறந்து, "வாங்க சித்தப்பா" என்று வழிவிட்டேன்.

துணியில் கட்டுகிற அடையாளச் சீட்டை அவர் பல்லால் கடித்துப் பிய்ப்பது வழக்கமாம். இன்றைக்கு எவனோ நூலுக்குப் பதில் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறான். முன்பல்லில் பாதி போய்விட்டது. கையை எடுத்துக் காட்டினார். பேசும்போது ஓட்டை வழியே விசில் வந்தது.

அப்பாவுக்கு முதலில் தெரிந்தது பல்தான். அது தொழில். "அடப் பாவமே, உக்காருங்க, வாயைத் திறங்க" என்று வெளிச்சத்தில் உட்காரவைத்தார். மாதிரிப் பல் வரிசையை எடுத்துப் பக்கத்தில் வைத்து நிறம் பார்த்தார். "அளவு டாக்டர்தான் எடுக்கணும். உங்களுக்கு நானே எடுத்துடறேன்." அச்சு மாவைத் தண்ணீரில் குழைத்தார். ரோஸ் நிறத்தில் கூழாக வந்தது. அதைத் தட்டில் வழித்து, சித்தப்பாவின் வாய்க்குள் ஏற்றி, மேல் தாடையில் வைத்து அமுக்கிப் பிடித்தார். "ஆடாதீங்க. மூக்கால மூச்சு விடுங்க. மாவு இறுகறவரைக்கும் இப்படியே."

அப்போதுதான் பாட்டில் அடுத்த அடி வந்தது.

சித்தப்பாவின் கண் இடது பெட்டிக்குப் போனது. வலது பெட்டிக்குப் போனது. பிறகு இரண்டுக்கும் நடுவே இருந்த வெற்றுச் சுவரில் போய் நின்றது. அப்பா அதைப் பார்த்தார். அவர் இரண்டு விரலும் சகலையின் வாய்க்குள் இருந்தன. எடுத்தால் அச்சு கெட்டுவிடும். எட்டிப் பாட்டை நிறுத்தவும் முடியாது, எழுந்து ஓடவும் முடியாது. சித்தப்பாவுக்கோ வாய் நிறைய மாவு, பேச முடியாது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, இவர்கள் இருவரையும் இப்படி நிறுத்த நான் எவ்வளவு திட்டம் போட்டிருந்தாலும் முடிந்திருக்காது என்று தோன்றியது.

பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அப்பா பேசினார்.

"கேக்குதா?"

"ம்."

"வலது பக்கம் இருக்கறது உங்களோடது."

"ம்."

"சாதாரணம்னு சொன்னேன்."

"ம்ம்ம்." இது கொஞ்சம் நீளமாக வந்தது.

"சாதாரணம் இல்ல. நான் தேடிட்டு இருந்ததே அதுதான். அதே எழுத்து, அதே வருஷம். உள்ள வளையம்கூட அச்சு அசல். ஊதினதுமே தெரிஞ்சுபோச்சு." அச்சுத் தட்டை இன்னும் அமுக்கினார். "எழுத்தைத் துடைச்சுட்டேன். இனிமே அது என்னன்னு யாராலயும் நிரூபிக்க முடியாது. நான் சொன்னாத்தான் உண்டு."

சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார். மாவு இறுகியது. அப்பா தட்டை அசைத்து இழுக்க, 'ப்ளக்' என்று கழன்று வந்தது. சித்தப்பா கிண்ணத்தில் துப்பினார், வாயைக் கொப்பளித்தார், துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு விசிலோடு சொன்னார்:

"தெரியும்ணே."

"எப்படித் தெரியும்?"

"தூசி தட்டக்கூட விடாத ஆளு கட்டைவிரலால துடைச்சீங்க. எனக்கு வால்வு தெரியாதுண்ணே. உங்களைத் தெரியும்."

அப்பாவின் மரியாதை அந்த இடத்தில் அறுந்தது. "தெரிஞ்சா ஏன்டா குடுத்தே?"

"வயித்தெரிச்சல்!" என்றார் சித்தப்பா. "எவன் எதைக் கொண்டுவந்தாலும் கையில வச்சுக் கொஞ்சறீங்க. நான் கொண்டுவந்தா மட்டும் பரவாயில்ல, பரவாயில்ல. வீட்டுக்குப் போனா உங்க மச்சினி, 'அத்தானுக்குக் காது இருக்கு, உங்களுக்கு வெறும் கைதான் இருக்கு'ங்கறா. சரி, எடுத்துக்கட்டும், எடுத்து வச்சுக்கிட்டு ஒரு பாட்டு நிம்மதியா கேக்கட்டும் பார்ப்போம்னுதான் குடுத்தேன்."

"கேக்கலடா."

"அதுவும் தெரியும். அண்ணி சொன்னாங்க."

அப்பா திரும்பினார். அம்மா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். "நான் எதுக்குச் சொல்லாம இருக்கணும்? என் தங்கச்சி வர்றான்னா சந்தோஷப்படணும். இங்க ஒரு ஆளு விரலைச் சுட்டுக்கறாரு."

சித்தப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரி, இப்ப சொல்லுங்க."

"என்னத்தடா சொல்ல?"

"நான் கொண்டுவந்தது எப்படி இருக்கு?"

அப்பாவின் உதடு "ப" என்று சேர்ந்தது. பழக்கம். அதைத் திறந்து வேறு சொல்லுக்கு மாற்ற அவர் பட்ட பாட்டை, பல் பிடுங்க வருகிறவர்களின் முகத்தில்கூட நான் பார்த்ததில்லை.

"நல்லா இருக்கு."

"எவ்வளவு நல்லா?"

"என்னோடதைவிட நல்லா இருக்கு." சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. "வெள்ளிப் பூச்சு ஒரு புள்ளி குறையல. அவ்வளவா ஓடியே இருக்காது. இடது பக்கம் இருக்கறதுக்கு வயசாயிடுச்சு. இது அப்படியே புதுசு. எனக்குக் கிடைச்சிருக்கணும்டா. நீ சட்டை அடுக்கறதுக்கு மேசை வாங்கப் போய் உனக்குக் கிடைச்சிருக்கு. அதைத்தான் என்னால தாங்க முடியல."

சித்தப்பா இவ்வளவையும் தலையை ஆட்டி ஆட்டி, பாட்டுக் கேட்பது போலக் கேட்டார். முழுதாகக் கேட்டு முடித்துவிட்டு எழுந்தார்.

"அப்ப நான் எடுத்துக்கறேன்."

"என்னது?"

"சாதாரணம்னா உங்களுக்கு. நல்லதுன்னா எனக்கு."

உண்மையைச் சொன்னவனுக்குப் பொருளும் கூடவே கிடைத்துவிடும் என்பது பள்ளிக்கூடப் புத்தகங்களில். அப்பாவும் உள்ளுக்குள் எங்கேயோ அதை நம்பியிருக்கிறார் என்று அந்த முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது. அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாங்கள் இருவரும் ஜன்னலைப் பார்த்தோம்.

சுவிட்சை அணைத்தார். நடுவில் நின்று பாடியவர் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார். வால்வு ஆற வேண்டும். சகலைகள் இருவரும் அதற்கு எதிரே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கம்பியின் சிவப்பு மங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். சித்தப்பாவுக்கு உடைந்த பல்லில் சூடு பட்டுச் சுரீர் என்றது. அப்பா அந்த டம்ளரை வாங்கி ஆற்ற ஆரம்பித்தார்.

"உன்கிட்ட ஆம்ப்ளிஃபையரே கிடையாதே" என்றார், டீயை ஆற்றியபடி.

"ஷோகேஸ்ல வச்சுப் பார்ப்பேன்."

"பார்க்கவா!" அப்பா ஆற்றுவதை நிறுத்தினார். "இதைப் போய் பார்க்கவாடா வைப்பே?"

"நீங்க வேணும்னா வீட்டுக்கு வந்து பாருங்க."

"துடைச்சுக் கிடைச்சு வைக்காதே."

"இனிமே துடைக்கறதுக்கு அதுல என்னண்ணே இருக்கு?"

அப்பா எழுந்து தொட்டுப் பார்த்து, ஆறிவிட்டதென்று தெரிந்ததும், அசைத்து அசைத்துக் கால் வளையாமல் கழற்றி, இரண்டு கையாலும் கொடுத்தார். சித்தப்பா வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

அப்பா ஜன்னலுக்கு ஓடினார். "டேய்! பையில போடாதேடா! குனிஞ்சா விழுந்துடும்!"

தெருவில் போகிறவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சித்தப்பா வால்வை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"கண்ணாடியைப் பிடிக்காதே, அடியைப் பிடி! அடி! பழுப்பா இருக்கே, அது! ஆட்டாம போ! ஆட்டோவுல ஏறினா மடியில வச்சுக்கோ!"

சித்தப்பா திரும்பி நின்று, ஓட்டைப் பல் தெரிய ஒரு சிரிப்புச் சிரித்தார். பிறகு தளும்பத் தளும்ப எண்ணெய் ஊற்றிய விளக்கைக் கொண்டுபோகிறவர் போல, அடிமேல் அடிவைத்து நடந்து போனார். முனை திரும்பும்வரை அப்பா பார்த்துக்கொண்டே நின்றார்.

"அவரு பல்லு?" என்றாள் அம்மா.

"பிளாஸ்டர் எடு. அச்சு காயறதுக்குள்ள ஊத்தணும்." ரோஸ் நிற அச்சை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காது மடல் மெல்லச் சிவந்தது. "வரிசையைப் பாரு இவனுக்கு. இழைச்சு வச்ச மாதிரி. இந்த ஒண்ணை வச்சுக் குடுத்துட்டா முன்னைவிட நல்லா சிரிப்பான், பாவி."